ஏழாவது பத்தி

"ஏழாவது பத்திய அடிச்சிடு" என்றாள் அக்கா.

தங்கை மடியில் இருந்த தாளில் அந்த நான்கு வரிகளின் மேல் பென்சிலால் கோடு போட்டாள். அக்காவின் வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக உடைத்துத்தான் அவளால் சொல்ல முடிந்தது. நர்ஸ் இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"அடிச்சாச்சு. இப்போ கண்ண மூடிப் படு."

"அதுக்குப் பதிலா எழுது. அவங்கள்ல ரெண்டு பேர்... நம்மள்ல ரெண்டு பேர்... ஆறு வாரம். நம்ம பள்ளிக்கூடத்துல, கடைசி பெஞ்சுல."

"உட்கார்ந்து?"

"பாக்கணும். பாத்த பிறகுதான் பாடப்புத்தகம் எழுதணும்."

அக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர். எதைச் சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்பதால் மாணவிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஏன் மேடம்'. ஆசிரியர் பயிற்சிப் பாடப்புத்தகங்களைச் சேர்ந்து எழுதக் கல்லூரிக்கும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் இருந்த மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க அங்கிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். மறுநாள் மாலை கையெழுத்து. வருடத்துக்கு இரண்டு விரிவுரையாளர்கள் அங்கே போய் ஆறு வாரம் பயிற்சி பெறலாம் என்றது ஏழாவது பத்தி. முதல் வருடம் போய்வந்தவளே அக்காதான். அங்கே ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள், ஆளுக்கொரு மேசை, இரண்டு ஆசிரியர்கள். அங்கே கற்றுவந்த எதுவும் இங்கே அறுபத்திரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் செல்லுபடியாகவில்லை.

அந்த அறுபத்திரண்டு பேரும் தங்கையின் வகுப்புப் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பு. "உன் வகுப்புல ஒரு நாள் வந்து உட்காரவா?" என்று அக்கா மூன்று வருடமாகக் கேட்டாள். "நோட்டம் பாக்க உனக்கு வேற வகுப்பே கிடைக்கலையா?" என்று தங்கையும் மூன்று வருடமாகத் தட்டிக்கழித்தாள். மனத்தாங்கல் எல்லாம் இல்லை. பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெழுதினால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"உங்க காலேஜ் முதல்வர் ஒத்துக்கவே மாட்டாரு. இந்த வருஷம் போறதே அவர்தானே?"

"விசாவுக்குப் போட்டோகூட எடுத்துட்டாரு." அக்கா சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. அடங்கியதும், "நீ கொண்டுபோய்க் குடு" என்றாள்.

"நானா? அங்க நான் யாரு? நீயே எழுந்து வந்து குடு."

அக்கா இடது கையால் தாளைத் தொட்டாள். "ஆறுன்னு எழுத்துல போடு. எண்ணுல போட்டா மாத்திடுவாங்க."

தங்கை எழுத்தில் போட்டாள். தலை நிமிர்ந்தபோது அக்கா தூங்கியிருந்தாள். மதியம் ஒரு மணிக்கு நர்ஸ் வந்து குழாயைக் கழற்றினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம். பயிற்சி மாணவிகள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். முதல்வர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நடிப்பில்லை. பதினெட்டு வருடம் பக்கத்து அறையில் இருந்தவர்.

"நாலு மணிக்குக் கையெழுத்தும்மா" என்றார், தயங்கியபடி. "தள்ளிப்போட முடியல. அவங்க வெள்ளிக்கிழமை கிளம்புறாங்க."

"ஏழாவது பத்தி?"

"அதெல்லாம் இப்போ எதுக்கும்மா."

வீட்டுக்கு வந்ததும் தங்கை முகம் கழுவிப் புடவை மாற்றினாள். கூடத்தில் இருந்த சித்தி பார்த்துவிட்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட? நாலு பேர் வர்ற நேரம். பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனச்சுக்கட்டும் சித்தி."

அடுக்களையில் அத்தான் ஒரு தம்ளர் தண்ணீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். கையை நீட்டித் தாளை வாங்கிப் படித்தார்.

"இது பென்சில். அழிச்சிட்டா அடையாளமே இருக்காது."

எழுந்துபோய்த் தன் கறுப்பு மையையும் பட்டைப் பேனாவையும் எடுத்துவந்தார். புதுத் தாளில் அந்த வரிகளைப் பலகைக்கு எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். ஊதி உலர்த்திக் கொடுத்துவிட்டு, மறுபடி தம்ளரின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

கல்லூரி அறையில் மேசைமேல் இரண்டு பிரதிகள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. நரைத்த குட்டைமுடியோடு பேராசிரியை எழுந்து தங்கையின் இரு கைகளையும் பிடித்தார். தமிழ் தெரியாது. முதல்வர்தான் மொழிபெயர்த்தார்.

தங்கை பேசினாள். அறுபத்திரண்டு பேரைப் பற்றி, இரண்டு பேருக்கு ஒரு புத்தகம் என்பதைப் பற்றி, மழை வந்தால் இரண்டு வகுப்புகள் ஒரே அறைக்குள் வருவதைப் பற்றி, இதையெல்லாம் பார்க்காமல் எழுதிய பாடநூலை வைத்துப் புது ஆசிரியர்கள் முழிப்பதைப் பற்றி. முதல்வர் திரும்பி, ஒரு மூச்சில் ஏதோ சொல்லி முடித்தார்.

"சார், நான் இவ்வளவு நேரம் பேசினேன். நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்களே."

முதல்வர் நெற்றியைத் துடைத்தார். "இத மாத்தினா அவங்க மேலிடத்துல திரும்பக் கேட்கணும்மா. வேணாம்னுட்டா கம்ப்யூட்டர் அறையும் போச்சு, நூலகமும் போச்சு. உங்க அக்காவோட சேர்த்து எல்லாத்தையும் புதைக்கணுமா?"

சொன்னபிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

பேராசிரியை கையை நீட்டி அத்தான் எழுதிய தாளை வாங்கினார். தடித்த கறுப்பு எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். பிறகு முதல்வரிடம் நிறுத்தி நிறுத்திப் பேசினார். இந்த முறை முதல்வர் எதையும் விடவில்லை.

"உங்க அக்கா இதப்பத்தி இவங்களுக்கு மூணு கடிதம் எழுதியிருக்காங்களாம். மூணுக்கும் இவங்க ஒரே கேள்வியத்தான் திருப்பிக் கேட்டாங்களாம். ஆறு வாரம் வெளியாளப் பின்னால உட்கார எந்த டீச்சர் விடுவாங்கன்னு. அதுக்கு மட்டும் அக்கா பதிலே போடலையாம்."

தங்கை மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என் வகுப்புல உட்காரட்டும்."

"எப்போலேருந்துன்னு கேட்குறாங்க."

"நாளைக்கே. எட்டரைக்கு மணி அடிக்கும். அதுக்குள்ள வந்துடச் சொல்லுங்க."

பேராசிரியை பேனாவைத் திறந்து, இரண்டு பிரதிகளிலும் ஏழாவது பத்தியின் குறுக்கே கோடு போட்டார். ஓரத்தில் புது வரிகள் ஏறின. மேலிடத்தில் தானே பேசிக்கொள்வதாகவும் வெள்ளிக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போடுவதாகவும் சொல்லிக் கையெழுத்திட்டார். முதல்வர் பேனாவை வாங்கிப் புது வரிகளை மறுபடி படித்தார்.

"நம்மள்ல ரெண்டு பேர்னா... நானுமா?"

"கறுப்பு மையில போட்டிருக்கே சார்."

அவரும் கையெழுத்திட்டார்.

காலை எட்டு இருபத்தைந்துக்கே இருவரும் வந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் முதல்வர் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். பேராசிரியை பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டார். அறுபத்திரண்டு தலைகளும் பின்பக்கம் திரும்பியிருந்தன.

"டீச்சர், இவங்கல்லாம் யாரு?"

"படிக்க வந்திருக்காங்க."

"இவ்ளோ பெரியவங்களா? ஃபெயிலாயிட்டாங்களா டீச்சர்?"

முதல்வர் இருமினார்.

"முன்னாடி பாருங்க. நாப்பத்தி ரெண்டாம் பக்கம்."

தங்கை கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை எழுதினாள். பக்கங்கள் புரளும் சத்தம் அடங்கியது. கடைசி பெஞ்சில், பல் விழுந்த ஒரு சிறுமி பேராசிரியையின் வெறும் மேசையைப் பார்த்தாள். தன் புத்தகத்தைத் தனக்கும் அவருக்கும் நடுவே நகர்த்தி, மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.