தேதியோடு ஒரு சீட்டு

அந்தக் கல்லூரியின் முதல் பெண் தாவரவியல் பேராசிரியர், ஓய்வுபெற்றுப் பதினேழு வருஷம் கழித்து வாசலில் வந்து நின்றபோது காவலாளிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டார். "ஒரு செடியை," என்றார் பேராசிரியர். கிழவிக்கு மரை கழன்றுவிட்டது என்று காவலாளி நினைத்திருப்பார். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், வந்த வேலை அப்படி.

உள்ளே ஹெர்பேரியம் அப்படியே இருந்தது. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கிய இரும்பு அலமாரிகள், மூக்கில் ஏறும் அந்துருண்டை வாசனை. இப்போதைய பொறுப்பாளர் அவருடைய பழைய மாணவி. அந்தக் காலத்தில் மாணவர்கள் பேராசிரியருக்கு வைத்த பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடுவார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

மாணவி அந்தத் தாளை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். பாறை இடுக்கில் முளைக்கும் சாண் உயரச் செடி, ஐந்து மஞ்சள் பூக்கள். மஞ்சள் எப்போதோ பழுப்பாகிவிட்டது. அதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லாத செடி. அவரைப் பேராசிரியர் ஆக்கியதும், ஆண்களே உட்கார்ந்து தேய்த்த துறைத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்ததும் இதுதான். கீழே லேபிளில், 'சேகரித்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

அது பொய்.

செடி சேகரிக்கத் தனியாக ஒரு பெண்ணை மலைக்கு அனுப்பமாட்டோம், வீட்டு ஆள் யாராவது கூடப் போகட்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். போனவள் தங்கை. அக்கா படிக்கட்டும் என்று தன் படிப்பை எட்டாம் வகுப்போடு மூட்டை கட்டிவிட்டு, படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். மலைப் பயணத்தின் மூன்று நாளும் அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். பேராசிரியர் பாறைமேல் உட்கார்ந்து காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, இங்க வாயேன்! இதோட இலைக்கு அடியில வெள்ளை முடியா இருக்கு. நீ காட்டின எதுலயும் இப்படி இல்லையே!"

கண்டவள் அவள், வேரோடு தோண்டி எடுத்தவளும் அவள். ஆனால் துறையில் ஏற்கெனவே, "தங்கச்சியோட சுற்றுலா எப்படி இருந்துச்சு?" என்று இளித்துக்கொண்டிருந்தார்கள். லேபிளில் தங்கை பெயரும் வந்தால் வருஷம் முழுக்க வாயில் போட்டு மெல்வார்கள். அந்தப் பயத்தில் பேராசிரியர் தன் பெயரை மட்டும் எழுதினார். காரணம் நியாயமாகவே இருக்கட்டும், எழுதிய கை யாருடையது?

தங்கை ஒரே ஒரு தடவை கேட்டாள். "என் பேரு எங்கக்கா?"

"அடுத்த செடிக்கு உன் பேருதான்டி. சத்தியமா."

அடுத்த செடி வரவேயில்லை. நாற்காலி வந்தது, கோப்புகள் வந்தன, கூட்டத்துக்கு மேல் கூட்டம் வந்தது. மலை ஏற யாருக்கு நேரம்? தங்கை அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எப்போதோ திருத்தியிருப்பாரோ என்னவோ. போன மாதம் கண் டாக்டர், தங்கைக்கு ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றும் வருஷக் கடைசி தாண்டாது என்று சொன்ன அன்றுதான் பேராசிரியர் கல்லூரிக்குப் போவது என்று முடிவெடுத்தார். அவளே தன் கண்ணால் படிக்காவிட்டால் எழுதி என்ன பிரயோசனம்?

ஹெர்பேரியத்தில் பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. தப்பு அப்படியே இருக்கும். பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பேராசிரியர் சீட்டில் தங்கையின் பெயரை எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

மாணவி புரிந்துகொண்டாள். "தேதி வேணாம்னா விட்டுடுங்க மேடம். யாரு பாக்கப்போறாங்க?"

"தேதி இல்லாத சீட்டு குப்பைன்னு உன்னை நாப்பது சீட்டு திரும்ப எழுத வச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? அன்னிக்குச் சாப்பாடே இறங்கல."

இருவரும் சிரித்தார்கள். பேராசிரியர் அன்றைய தேதியைப் போட்டார். பழைய தேதிக்கும் புதியதற்கும் நடுவே இரண்டு விரல்கடை இடம், நாற்பத்து மூன்று வருஷம்.

தாளை வெளியே கொண்டுபோக முடியாது. மாணவி படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தாள். வீட்டில் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து, அதை மூக்குவரை கொண்டுபோய், அக்காவின் பழைய லென்ஸை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"இன்னமும் கோழி கிண்டின கையெழுத்துதானா உனக்கு?" என்றாள். பேராசிரியருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. லென்ஸ் நகர்ந்து தேதிமேல் நின்றது. பழைய தேதிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"இந்தப் பழைய தேதிக்கு அடுத்த வருஷம்தானேக்கா அம்மா போனா?"

"ஆமாம்டி."

"கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. சின்னவ பேரைப் போட்டாளா, பெரியவ பேரைப் போட்டாளான்னு. ரெண்டு பேரோட பேரும்தான் இருக்கு, அக்காதான் எழுதினான்னு சொல்லிட்டேன். உன்னைத் தப்பா நினைச்சுட்டுப் போயிடக் கூடாதுல்ல?"

பேராசிரியர் எழுபத்தேழு வயதில் தங்கையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். தங்கை ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, மறு கையில் லென்ஸைப் பிடித்துத் தன் பெயரை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.