திரையில் நிறைந்த தொட்டி

“அம்மா, கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லன்னா அது சொல்லுமா, இல்ல நல்லாத்தான் இருக்கேன்னு பொய் சொல்லுமா?”

மகள் இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிச் சுற்றுலாவைத் தவறவிட மனமில்லாமல், காய்ச்சலை மறைத்துக்கொண்டு போய், பாதி வழியில் வாந்தியெடுத்துத் திரும்பி வந்திருந்தாள். அம்மா தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே சிரித்தாள்.

“அது என்ன உன்ன மாதிரி திருட்டுக்குட்டியா? ஏதாவது கோளாறுன்னா சிவப்பு லைட்டு போட்டுக் காட்டிடும். வாயத் திற.”

அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் செக்கிங்கம்மா என்று பெயர். டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு விடமாட்டாள். குழாய்களைப் பார்ப்பாள், அழுத்தத்தைப் பார்ப்பாள், தண்ணீரைப் பரிசோதிப்பாள், எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பாள். கடைசியில் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, “கடவுளே, இன்னிக்கும் கூட இரு” என்பாள். பெயர் வைத்தவர் அங்கே வாரம் மூன்று நாள் வந்து படுக்கும் பஸ் டிரைவர். “எங்க பஸ்ல திடீர்னு ஏறி டிக்கெட்டக் காட்டுன்னு நிப்பாங்களே, அந்த மூஞ்சிதான் இவங்களுக்கு” என்று அவர் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

இத்தனை பார்ப்பவள் ஒன்றை மட்டும் பார்ப்பதை விட்டிருந்தாள். ஆஸ்பத்திரி முற்றத்தில் நிலத்தடித் தொட்டி ஒன்று உண்டு. டயாலிசிஸுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான் வரவேண்டும். முன்பெல்லாம் தினமும் மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பார்கள். குடிநீர் வாரியம் தானாகவே வால்வைத் திறந்து மூடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, தொட்டியின் அளவைத் திரையிலேயே காட்டத் தொடங்கியதும் அந்த வேலை நின்றுபோனது. கனமான மூடி சும்மா கிடப்பானேன் என்று அதன் மேல் செருப்பு அலமாரியை வைத்தார்கள். பக்கத்தில் வாட்ச்மேன் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை காலை டிரைவர் வந்தபோது கேலி பேசவில்லை. அண்ணன் மகள் திருமணத்துக்காக வெளியூர் போனவர், ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார். கால்கள் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கியது. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும், “மதியத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். தள்ளிப்போட்டா இதயம் தாங்காது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் இயந்திரத்தைப் போட்டாள். அலறியது. தண்ணீர் அழுத்தம் இல்லை. வடிகட்டியைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். திரையில் மட்டும் ‘தொட்டி நிறைந்திருக்கிறது’ என்று பச்சைப் பசேலென்று எழுதியிருந்தது.

அப்போதுதான் காய்ச்சலை மறைத்த மகளின் முகம் ஞாபகம் வந்தது. முற்றத்துக்கு ஓடினாள்.

“அண்ணே, எந்திரிங்க. அலமாரிய நகர்த்தணும்!”

“செருப்பெல்லாம் அடுக்கி வச்சிருக்கேனே” என்று முனகியபடி வாட்ச்மேன் கைகொடுத்தார். மூடி திறந்தது. டார்ச் வெளிச்சத்தில் அடியில் ஈரச் சேறும், அதில் ஒற்றைச் செருப்பும் தெரிந்தன.

“அட, என் செருப்பு! ரெண்டு வருஷமா நர்ஸுங்களத் திட்டிக்கிட்டிருக்கேன்!” என்றார் வாட்ச்மேன்.

குடிநீர் வாரியத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பொறியாளர் அழாத குறை. “ஊர் முழுக்க இதே கதைதான் மேடம். எங்க சிஸ்டத்துக்குள்ள ஏதோ வைரஸ் புகுந்துடுச்சு. வால்வையெல்லாம் மூடிட்டு, திறந்திருக்கு, தொட்டி நிறைஞ்சிருக்குன்னு காட்டுது. வேற யாரையோ அடிக்கிறதுக்காக யாரோ செஞ்சு விட்ட ஆயுதமாம். அங்க இருக்கிற அதே கருவி நம்மகிட்டயும் இருந்ததால இங்கயும் வேலையக் காட்டிடுச்சு. ஒவ்வொரு வால்வா கையால திறக்க ஆள் அனுப்பியிருக்கோம். சாயங்காலம் ஆகிடும்.”

டிரைவருக்குச் சாயங்காலம் வரை நேரமில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றலாம் என்றால், தண்ணீர் இருக்கும் அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரவே மதியம் தாண்டிவிடும்.

வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். எதிரே லாண்டரி. அதன் வடிகுழாயிலிருந்து சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. ஊரே வறண்டு கிடக்க, அங்கே மட்டும் தண்ணீர்! அடுத்த நொடியே அவளுக்கு முகம் சுருங்கியது. லாண்டரியின் நீராவி வார்டுக்குள் வருகிறது என்று போன வருடம் ஆஸ்பத்திரியே சேர்ந்து புகார் கொடுத்தது. பாய்லரைக் கழற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோக அந்த மனிதர் படாத பாடு பட்டார்.

கௌரவம் பார்க்கிற நேரமா அது? சாலையைக் கடந்து போய் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னாள். லாண்டரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

“புகார்ல முதல் கையெழுத்து உங்களுதுதானே மேடம்? எழுத்து நல்லா முத்து முத்தா இருந்துச்சு.”

“ஆமாண்ணே.”

உள்ளே துணி அலசிக்கொண்டிருந்த மனைவி கத்தினாள். “அங்க ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறானாம், நீங்க கையெழுத்த ரசிச்சுக்கிட்டு நிக்கிறீங்க! ஓஸ் பைப்ப எடுங்க!”

“எடுக்கிறேன்டி. அதுக்குள்ள பேசக் கூடாதா? சொந்த போர்வெல் தண்ணிதான் மேடம், பழைய மோட்டாரு. வாரியத்துக்காரங்க புதுசா என்னமோ மாட்டச் சொன்னாங்க. சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன்.” சொல்லிக்கொண்டே துவைக்கும் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஹோட்டல் ஒன்றின் படுக்கை விரிப்புகள் பாதி நனைந்தபடி உள்ளே கிடந்தன.

அவள் தண்ணீரைப் பரிசோதித்தாள். கொஞ்சம் உப்பு. ஆஸ்பத்திரியின் சுத்திகரிப்புக் கருவி தாங்கும். வழக்கம்போல இரண்டாவது தடவையும் பார்த்தாள்.

ஓஸ் பாதி சாலைவரைதான் எட்டியது. அங்கிருந்து சுத்திகரிப்புக் கருவியின் டிரம் வரை வாளிதான் வழி. வாட்ச்மேன், நர்ஸுகள், டாக்டர் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “நடு ரோட்டுல என்ன குளியலா?” என்றார்.

“உங்க ஆளுதான் உள்ள படுத்திருக்காரு! போன வாரம் வரமாட்டேன்னு மட்டம் போட்டுட்டு இப்ப எங்களத் தண்ணி தூக்க வைக்கிறாரு!” என்றார் வாட்ச்மேன்.

கண்டக்டரின் முகம் மாறியது. “அவரா? எல்லாரும் இறங்குங்க! பஸ்ஸு இப்போதைக்கு நகராது!”

ஆபீஸ் போகிறவர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார்கள். தலைமுதல் கால்வரை நனைந்த ஒருவர், “வீட்டுல ஒரு சொம்பு எடுத்துக் குடுத்ததில்ல நான். என் பொண்டாட்டி பாத்துடப் போறா” என்றார். வரிசையே சிரித்தது.

கெட்டது செய்கிறவன் எங்கோ உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஓர் ஊரே நா வறண்டு நிற்கிறது. நல்லதை மட்டும் ஆண்டவன் ஏனோ வாளி வாளியாகத் தூக்கித்தான் செய்யவேண்டும் என்று வைத்திருக்கிறான். ஆனால் தூக்க வருகிறவர்களுக்கு அவன் குறை வைப்பதில்லை.

மதியத்துக்குச் சற்று முன்பு இயந்திரம் அலறாமல் ஓடத் தொடங்கியது. டிரைவரின் முகத்தில் நிறம் திரும்பியதும் முதல் பேச்சு இதுதான்: “என்ன செக்கிங்கம்மா, தண்ணியில சோப்பு வாசன வருது?”

“வாய மூடிட்டுப் படுங்க. அடுத்த தடவ மட்டம் போட்டா நிஜமாவே துவைச்சுப் போட்டுடுவேன்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பக்கத்து அறைக்குப் போனாள்.

மாலையில் வாரியத்தின் தண்ணீர் வந்தது. நன்றி சொல்லப் போனவளை லாண்டரிக்காரர் கையை வீசி விரட்டினார். “போ தங்கச்சி, போய்ப் புள்ளயப் பாரு. தண்ணி என்ன நான் செஞ்சதா?”

அவர் சொல்லாததை அவர் மனைவியின் பெருமூச்சு சொன்னது. ஒரு நாள் வேலை முழுக்கப் போயிற்று. ஹோட்டல்காரர் நாளை மாலைவரைதான் பொறுப்பாராம். மடிக்கிற பெண்ணும் லீவில் இருந்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் சாலையைக் கடந்தாள். லாண்டரிக் கதவு சும்மா சாத்தியிருந்தது. கணவனும் மனைவியும் முதல் லோடை வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மேசை மேல் துவைத்து உலர்ந்த விரிப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

கையைக் கழுவிக்கொண்டு தொடங்கினாள். ஆஸ்பத்திரி மடிப்பு, ஓரத்தோடு ஓரம் பிசகாமல். சாப்பாட்டு டப்பா பைக்குள்ளேயே இருந்தது. ஒவ்வோர் அடுக்கையும் முடித்து, உள்ளங்கையால் ஒரு முறை நீவிவிட்டு, வேனில் ஏற்ற வசதியாகக் கதவுப் பக்கம் வைத்தாள். கடைசி விரிப்பை அடுக்கியபோது தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது.

பையை எடுத்துக்கொண்டு, பாய்லர் இருந்த பின்கட்டு வழியாகச் சத்தமில்லாமல் வெளியே போனாள்.