குக்கரில் வந்த பகல்

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில், முருகம்மாளின் வீட்டுக்குள் மார்ச் பதினொன்றாம் தேதியிலிருந்து பகல் வருவதில்லை. வாசல்படி வரைக்கும் வரும். படியில் மிளகாய் காயப்போடும் அளவுக்கு வெயில் அடிக்கும். படிக்கு உள்பக்கம் ஒரு விரல் தள்ளினால் கும்மிருட்டு. டியூப்லைட்டைப் போட்டால் டியூப்லைட் மட்டும் தெரியும், அதன் கீழே உட்கார்ந்திருக்கும் ஆள் தெரியமாட்டார். மூன்று எலக்ட்ரீஷியன்கள் வந்து பார்த்து, வயரிங்கில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, டீயைத் தடவி எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்த மார்ச் பதினொன்றாம் தேதிதான் ஷ்ரவண் என்ற டைரக்டரின் படம் வெளியானது. சந்தில் இருப்பவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

அந்தப் படத்தின் ஷூட்டிங் அதற்கு முந்தைய நவம்பரில் நடந்தது. வீட்டுக்கு கேமரா வருகிறது என்றதும் முருகம்மாள் நாம் எல்லோரும் செய்யக்கூடிய தப்பைத்தான் செய்தாள். வீட்டைக் கழுவினாள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அந்த ஒரே அறை, மேலே மாலா என்கிற ஒரு பரண், மூலையில் குளிக்க ஒரு மோரி. பேக் கம்பெனிகளுக்கு லைனிங் தைத்துத் தைத்து ஆறு வருஷத்தில் சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தாள். அதைப் பல்தேய்க்கும் பிரஷ் வைத்து இடுக்கு இடுக்காகத் தேய்த்தாள். எவர்சில்வர் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கி அடுக்கினாள். கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே எட்டிப்பார்த்த ஷ்ரவணின் முகம் செத்துப்போய்விட்டது. அரை மணி நேரத்தில் இரண்டு ஆட்கள் வாளியில் கரியும் எண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்து டைல்ஸில் பூசினார்கள். பாத்திரங்களைக் கோணிப்பையில் கட்டி மாலாவுக்கு ஏற்றினார்கள். அவளுக்கு ஒரு கிழிந்த நைட்டியைக் கொடுத்தார்கள். அதுவும் புது நைட்டி, அவள் கண்ணெதிரே கிழித்துக் கொடுத்தது.

ஏன் என்று அவள் கேட்டதற்கு ஷ்ரவண் பொறுமையாகவே விளக்கம் சொன்னான். சினிமாவில் ஒரு பொருளுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, எதிரானதைப் பக்கத்தில் வைத்தால்தான் பார்ப்பவர்களுக்கு உறைக்கும், வெளிச்சத்தைக் காட்ட இருட்டு வேண்டும், நிறைந்த வயிற்றைக் காட்டக் காலி வயிறு வேண்டும், மாட்டுங்காவில் பதினாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் பிடித்திருக்கிறேன், அதுதான் வெளிச்சம், உங்கள் கோலி, இந்த ஒற்றை அறைதான் இருட்டு என்றான். அங்கே குழாய் திறந்தால் இங்கே காலிக் குடம், அங்கே சிரிப்பு என்றால் இங்கே இருமல், இப்படி மாற்றி மாற்றிக் காட்டப்போகிறானாம். அவன் சொன்ன பாடத்தில் தப்பில்லை. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவன் தேடிவந்த எதிரும் புதிரும் அந்த வாசலிலேயே கிடந்ததே! படிக்கு வெளியே ஓடும் சாக்கடை, படிக்கு உள்ளே பிரஷ் வைத்துத் தேய்த்த வெள்ளை டைல்ஸ். நாற்பது வீட்டுக்கு ஒரு குழாய் இருக்கும் சந்தில் முகம் பார்க்கலாம் போல மின்னும் குடங்கள். கேமராவை அந்தப் படியில் வைத்துக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும். அதைப் பார்க்க அவனுக்குக் கண் இல்லை. அவனுக்கு வேண்டிய ஏழைக்கு டைல்ஸ் ஒட்டத் தெரியக்கூடாது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஷூட்டிங் முடிந்த அன்றே முருகம்மாள் சோப்புத்தூள் போட்டுக் கரியைக் கழுவிவிட்டாள். கரி போய்விட்டது. மார்ச்சில் படம் வெளியாகி, ஊர் ஊராக ஃபோனில் ஓட ஆரம்பித்த பிறகு வந்த இருட்டு எந்த சோப்புக்கும் போகவில்லை. மிஷின் ஊசி இரண்டு முறை அவள் விரலில் ஏறியது. அவள் வீட்டுக்காரர் சொரிமுத்து பேக் பட்டறையிலிருந்து வந்து, சாப்பிடும் தட்டைக் கையால் துழாவிப் பழகிக்கொண்டார். அதையும் பொறுத்திருப்பார்கள். மே மாதம் சர்வே ஆட்கள் வந்தார்கள். சந்து முழுவதையும் இடித்துக் கட்டடம் கட்டப்போகிறார்கள், வீட்டை உள்ளே ஃபோட்டோ எடுத்து நம்பர் போட்டால்தான் புதுக் கட்டடத்தில் வீடு. முருகம்மாள் வீட்டில் ஃபோட்டோ எடுத்தால் திரை கறுப்பாக வந்தது. ஃப்ளாஷ் போட்டும் கறுப்பு. ஃபோட்டோவில் வராத வீட்டை வீடு என்று எழுத முடியாது என்று சர்வேக்காரர் காலி இடம் என்று எழுதினார். ஜூனிலும் வந்தார், ஜூனிலும் காலி இடம். ஜூலை இரண்டாம் வியாழன் காலை பத்து மணிக்குக் கடைசியாக வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏட்டி, தம்பி சொல்லுதாம்லா, பேசாம சீத்தா கேம்ப்புக்கே போயிருவோம். இந்த இருட்டுல எத்தன நாள் கெடக்கது?" என்றார் சொரிமுத்து.

"ஒங்க தம்பி வீட்டுல நான் ஒட்டுன டைல்ஸ் இருக்கா?" என்றாள் முருகம்மாள்.

அவள் முதலில் அந்தேரியில் இருக்கும் ஷ்ரவணின் ஆபீசுக்குத்தான் போனாள். மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். விஷயத்தைக் கேட்ட ஷ்ரவண் வருத்தப்படவில்லை, எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டான். அவன் கண்கள் ஈரமாகிவிட்டன. தன் படத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றான். எதையும் தொடாதீர்கள், இருட்டு அப்படியே இருக்கட்டும், நான் வந்து படம் எடுக்கிறேன் என்றான். முருகம்மாள் தன் பம்பாய் இந்தியில் அவனை என்ன திட்டினாள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. அவன் அதையும் ஃபோனில் பதிவு செய்துகொண்டான்.

அடுத்த நாள் விடிவதற்கு முன் தண்ணீர் பிடிக்கக் குழாயடியில் நின்றபோது, ஷ்ரவண் சொன்ன மாட்டுங்கா ஃபிளாட் நினைவுக்கு வந்து அண்ணாந்தவள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்தின் பதினாலாவது மாடி ஜன்னல்களில் உச்சிவெயில் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மற்ற மாடிகளில் இருட்டு. அது விளக்கு வெளிச்சம் இல்லை, தன் வீட்டு வெயில் என்பது அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீரை இறக்கிவைத்த கையோடு சண்டைக்குப் போனாள். வாட்ச்மேன் வேலைக்காரர்களுக்கான சர்வீஸ் லிஃப்டைக் காட்டினான். அவள் அதில் ஏறாமல் படியேறினாள். கதவைத் திறந்தவள் சாருலதா, பேங்கில் வேலை பார்ப்பவள். கண் இரண்டும் வீங்கியிருந்தன, தோளில் ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுப் பகல இங்க வச்சிருக்கிய. எடுத்துட்டுப் போவணும்" என்றாள் முருகம்மாள்.

"தயவுபண்ணி எடுத்துண்டு போங்கோ. மார்ச்லேர்ந்து இந்த ஆத்துல ராத்திரியே வரலை. கொழந்தை கண்ணை மூடி நாலு மாசமாச்சு" என்றாள் சாருலதா.

அவள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தாள், அட்டை ஒட்டியிருந்தாள். வெளிச்சம் துணிக்கு உள்பக்கமிருந்து அடித்து, துணியைத் தாண்டி வெளியேயும் போனது. முருகம்மாள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கூரையில் பாய் அளவுக்கு ஓதம். கேட்டபோது, ஷூட்டிங் அன்றைக்கு அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள், காயப்போட்டிருந்த குழந்தைத் துணியையும் சிங்க்கில் கிடந்த பாத்திரங்களையும் பாத்ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார்கள், எனக்குக்கூட ஒரு வெள்ளைப் புடவை கொடுத்தார்கள் என்றாள் சாருலதா. முருகம்மாளுக்குச் சண்டை போட வந்த கோபம் அங்கேயே ஆள் மாறியது. வெளிச்சத்தைப் பிடித்துப் பார்க்க ஒரு பாத்திரம் கொண்டுவரச் சொன்னாள்.

இதில் பிறகு தெரிந்துகொண்ட விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கேனில் வெளிச்சம் நிற்காது. பித்தளைக் குடத்தில் பிடித்தால் மஞ்சளாகிவிடும். தட்டு போட்டு மூடினால் வழியெல்லாம் ஒழுகும். எவர்சில்வர் பிரஷர் குக்கர்தான் சரி, கேஸ்கெட் தேய்ந்திருக்கக் கூடாது. ஐந்து லிட்டர் குக்கரில் பிடித்த வெளிச்சம் ஒரு கோலிக்கு இரண்டு மணி நேரம் தாங்கும், ஆனால் மூலைகள் தெரியாது. முழு அறையும் ஃபோட்டோவில் வரவேண்டுமானால் ஒன்பது குக்கர் வேண்டும். போகும்போது காலிக் குக்கராகப் போகக்கூடாது, வீட்டு இருட்டை நிரப்பிக்கொண்டுபோய் அங்கே திறக்க வேண்டும், அப்போதுதான் அங்கிருக்கும் வெளிச்சம் இடம்கொடுக்கும். முதல் நாள் ஒரே ஒரு குக்கர் இருட்டைப் படுக்கையறையில் திறந்ததும் குழந்தை பேச்சுமூச்சில்லாமல் இரண்டு மணி நேரம் தூங்கியது. சாருலதா சுவரில் சாய்ந்து நின்றபடியே அழுதாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் சந்திலிருந்து ஒன்பது பெண்கள் ஒன்பது குக்கரோடு பாலம் ஏறிப்போனார்கள். சாருலதா கீழே வந்து வாட்ச்மேன் கண்முன்னே அவர்களைக் குடியிருப்பவர்கள் போகும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனாள். அதற்காக அந்தக் கட்டடத்தில் அவளுக்கு நோட்டீஸ் வந்தது தனிக்கதை. ஒன்பதரைக்கு எட்டுப் பேர் வெளிச்சத்தோடு வீட்டு வாசலில் நின்றார்கள். பாலத்துப் படியில் கால் பிசகிய ஜெபசெல்வி மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். வாசலில் கேமராவோடு ஷ்ரவண்! இருட்டை எடுத்து முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது, ஒரு மணி நேரம்தான், சர்வேக்காரரைக் காத்திருக்கச் சொல்லலாம் என்றான். அவன் ஆள் கையில் பழையபடி கரி வாளி. பத்து மணிக்கு வந்த சர்வேக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்தேகாலுக்கு மேல் நிற்க முடியாது என்றார். முருகம்மாள் வெளிச்சக் குக்கரைப் படியில் இறக்கிவைத்தாள். வாசலில் காலியாகக் கிடந்த தன் பழைய குக்கரை வீட்டுக்குள் நீட்டி, வழிய வழிய இருட்டை மொண்டு, கேமராவின் கண்ணுக்கு நேராக வைத்துத் திறந்தாள்.

ஷ்ரவணின் கேமராவில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. வேறு கேமராக்கள் வாங்கியும் பயனில்லை. அவனுடைய அடுத்த படம் இரண்டு மணி நேரமும் வெறும் கறுப்பு. அதையும் வெளிநாட்டில் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

ஜெபசெல்வி நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பத்து பத்து. ஒன்பது குக்கரையும் ஒன்றாகத் திறந்தார்கள். எட்டில் மாட்டுங்கா வெயில் சத்தமில்லாமல் வந்தது, ஒன்று மட்டும் விசில் அடித்தது. நாலு மாதத்துக்குப் பிறகு வெள்ளை டைல்ஸ், பாத்திர அடுக்கு, மிஷின், மாலா எல்லாம் தெரிந்தன. சொரிமுத்து தன் மனைவிக்குக் காதோரம் நரைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். நடு வீட்டில் நின்ற முருகம்மாளைப் பார்த்து சர்வேக்காரர், "கொஞ்சம் சிரிங்க மாவ்சி" என்றார்.

"ஃபோட்டோ வீட்டுக்குத்தானே, எனக்கா? எடுங்க" என்றாள் அவள்.

கதவில் நம்பர் எழுதியாகிவிட்டது. அந்தப் படம் இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருப்பதால் இருட்டு போகவில்லை, சாருலதா வீட்டு வெளிச்சமும் போகவில்லை. எங்கள் சந்தில் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வருகிறது. அதைப் பிடித்துவைத்துவிட்டு முருகம்மாள் ஏழு மணிக்கு வெளிச்சத்துக்குப் போகிறாள். அவளுக்கு முடியாத நாட்களில் சாருலதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குக்கரோடு இங்கே வருகிறாள்.