சுவரோர வரிசை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. வலிக்காமல் எடுப்பாள் என்று நல்ல பேர். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவள் 'கொசு அக்கா'தான். அந்தக் கொசு அக்கா ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்து, ஏழு மணி நேரம் ரயிலில் வந்து, பழைய சர்ச்சின் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றாள்.

தையல் மெஷின் ரிப்பேருக்காக ஊர் ஊராகச் சுற்றிய அவளுடைய அப்பா, முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்த இடத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குக் கடிதம் வந்தது. அப்போது கைக்குழந்தை இருந்ததால் அம்மாவால் வர முடியவில்லை. இப்போது முழங்கால் விடவில்லை.

காவல்காரர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "சுவரோர வரிசையில இருக்கணும்மா. வெளியூர்க்காரங்க இடம்."

"அவங்களுக்குன்னு தனி இடமா?"

"இந்தத் தோட்டத்துல முதல் கல்லறையே வெளியூர்க்காரரோடதுதான். சர்ச் கட்ட வந்த கொத்தனார், சாரத்துலேர்ந்து விழுந்துட்டாராம். எந்த ஊருன்னே யாருக்கும் தெரியல. சுவர் பக்கத்துலயே புதைச்சாங்க. அன்னையிலேர்ந்து வழியில செத்தவங்க யாரா இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், இங்க இடமில்லைன்னு சொன்னதே இல்ல. ஒரு கொள்ளைக்காய்ச்சல் வருஷத்துல ஒரே மாசம் நாப்பது பேர்." சொல்லிவிட்டு அவர் பதிவேட்டை மூடினார். "ஆனா இருபது வருஷத்துக்கு முந்தி வந்த வெள்ளத்துல சுவர் சாஞ்சு, மரச்சிலுவை எல்லாம் அடிச்சிட்டுப் போயிடுச்சு."

"அப்போ எங்கப்பா?"

"சலவைக்கடை அம்மாவைக் கேப்போம். ஒரு கல்லறைய அவங்கதான் விடாம பாத்துக்கறாங்க."

காவல்காரர் குரல் கொடுத்து அப்பாவின் பெயரைச் சொன்னதும், எதிர்க்கடையிலிருந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஓர் அம்மாள் வந்தாள். "மெஷின்காரர் பொண்ணா!" என்றவள், மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று சுவரோரமாக அழைத்துப் போனாள். செங்கல் பதித்து, புல் செதுக்கி, தரை பளிச்சென்று இருந்தது.

"வெள்ளம் வடிஞ்ச மறுநாளே செங்கல் வச்சுட்டேன். இடம் எனக்கு மனப்பாடம்."

"உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியுமா?"

"பாத்ததே இல்லம்மா. என் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போனவர். எங்கயோ ஒரு துறைமுகத்துல அடக்கம் பண்ணிட்டோம்னு சேதி வந்துச்சு. எனக்குப் போக வழியில்ல. அதே மாசம்தான் உங்கப்பாவை இங்க கொண்டு வந்தாங்க. அங்க என் ஆளை யாராவது பாத்துக்கட்டும்னு, இங்க நான் இவரைப் பாத்துக்கிட்டேன்."

மகள் அந்தச் சுருங்கிய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அம்மாவை போனில் அழைத்து, நாலே வார்த்தையில் விஷயத்தைச் சொல்லி, போனைச் சலவைக்கடை அம்மாளிடம் கொடுத்தாள்.

"அவர் தனியாக் கிடக்கார்னுல்ல இத்தனை வருஷமும் அழுதேன் அக்கா," என்று அம்மாவின் குரல் வெளியே கேட்டது.

"தனியா எங்க? தினம் என் புலம்பலைக் கேட்டு அவருக்குக் காதே வலிச்சிருக்கும்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள். ரயிலுக்கு நேரமாகிறது என்று காவல்காரர் இரண்டு தரம் நினைவுபடுத்தினார். போனைத் திருப்பிக் கேட்க மகளுக்கு மனம் வரவில்லை.