கடைசிப் பக்கத்து நன்றி

மூன்றாவது கட்டுரையின் தலைப்பைத் திரையில் பார்த்ததும், கையிலிருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று பிரையனிக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைத் தேநீரின்போது புதிதாக வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்து அங்கேயே விளக்குவது அடிலெய்டில் அவர்கள் இயற்பியல் துறையின் வழக்கம். யாரும் முன்கூட்டிப் பார்த்து வரக்கூடாது. இன்று அவள் முறை.

பிரபஞ்சம் பிறந்த புதிதில் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளோடு லேசாக உரசியிருக்கலாம் என்றது கட்டுரை. எதனோடும் ஒட்டாமல் போகிற இரண்டு, நெரிசலில் தோள் இடித்துக்கொண்டதைப்போல. அந்த உரசலால்தான் விண்மீன் திரள்கள் கணக்குச் சொன்ன அளவுக்கு ஒன்றுகூடவில்லை. மூன்று ஆண்டுகளாக அவள் செய்துவரும் அதே வேலை. எழுதியவர்கள் வேறு தேசத்துக்காரர்கள்.

அவளுடைய கட்டுரை எழுதி முடித்துக் கிடந்தது. வெளியிடலாமா என்று கேட்டபோதெல்லாம், "இன்னும் ஒரு தடவை சரிபாரு, என்ன அவசரம்?" என்றார் வழிகாட்டி கிரஹாம். ஜூனில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. அந்தக் கட்டுரை முதலில் வந்தால்தான் அடுத்த வேலை.

"என்ன பிரையனி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உன் ஏரியாடி, போட்டுத் தாக்கு!" என்றான் அவளுடைய அலுவலக அறைத் தோழன் லாக்லன், வாய் நிறையத் தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக்கோடு.

விளக்கினாள். ஒவ்வொரு படமாக, நிதானமாக. வளைகோடு எந்த இடத்தில் சரிகிறது, ஏன் சரிகிறது என்று சொல்ல அவள் திரையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வெளியே யூகலிப்டஸ் மரத்தில் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன.

"நன்றி யாருக்குன்னு வாசி, வாசி!" என்றார்கள். யார் யாருக்குச் சோப்புப் போடுகிறார்கள் என்று சிரிப்பதும் வழக்கம்தான்.

கடைசிப் பக்கம். "நவம்பரில் முதல் வரைவைப் படித்துத் திருத்தங்கள் சொன்ன கிரஹாம் பெல்ச்சருக்கு..."

யாரும் சிரிக்கவில்லை.

"என்னை நம்பி அனுப்பினாங்க," என்றார் முன்வரிசையில் இருந்த கிரஹாம். "அதை நான் வெளியில சொல்ல முடியுமா? முறையில்லையே."

"சொல்ல வேணாம். அந்த நவம்பர்லதான் என்னை இன்னொரு தடவை சரிபார்க்கச் சொன்னீங்க."

அவர் சட்டையில் ஒட்டிய தேங்காய்த் துருவலைத் தட்டினார். "ரொம்ப நல்லா விளக்கினே. அவங்களே இவ்வளவு தெளிவா எழுதல."

"அடுத்ததுக்குப் போயிடலாமா?" என்றான் லாக்லன், மெல்ல.

அவள் பக்கத்தைப் பின்னோக்கித் தள்ளி, அந்த வளைகோட்டுப் படத்தில் நிறுத்தினாள். திரைக்கும் புரொஜெக்டர் ஒளிக்கும் நடுவே நின்றிருந்தாள். வளைகோடு அவளுடைய வெள்ளைச் சட்டையில் விழுந்து, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.