யாக்கன் விழுங்கிய சரணம்

யாக்கன் அண்ணன் மறுபடியும் அந்தச் சரணத்தை விட்டுவிட்டார். படகு கவிழ்கிற சரணம் முடிந்ததும் நேராகக் கல்லறைச் சரணம். நடுவில், என் தம்பி ஃபியூன்லாவின் பெயர் வருகிற ஒரே சரணம் காற்றோடு போயிற்று.

சிங்கிறால் பிடிக்கக் கடலில் போட்ட கூடைகளைத் தூக்கப் போன தம்பியைக் கடல் கொண்டபோது அப்பா எங்கள் கேலிக் மொழியில் கட்டிய பாட்டு அது. அப்பாவுக்குக் குரல் கிடையாது. முதலில் பாடியவர் ஊர்க்காரர் யாக்கன். அதனால் பாட்டு அவருடையதாகிவிட்டது. எங்கள் யூயிஸ்ட் தீவில் அப்படித்தான். உரியவர் இருக்கும் இடத்தில் அவர் பாட்டை வேறு யாரும் எடுக்கமாட்டோம். பல்லவி மட்டும் எல்லாருக்கும் பொது. சொந்தத் தம்பிக்கு நான் பாட முடிந்தது அந்தப் பல்லவிதான். எரிச்சல் வராதா?

அன்று ஊர் மண்டபத்தில் என் பொறுமை போய்விட்டது. கல்லறைச் சரணத்துக்கு அவர் மூச்சு இழுத்தபோது நான் பல்லவியையே திரும்ப எடுத்தேன். ஊரும் பழக்கத்தில் கூடவே பாடியது. அவர் வாயைத் திறந்தார், மறுபடியும் பல்லவி. மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன ஓய்ரிக், செக்குமாடு மாதிரி அதையே சுத்துற?"

"நீங்க முழுங்கின சரணத்தத் துப்புங்கண்ணே. அப்புறம் விடுறேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாக்கன் சிரிக்கவில்லை. "அப்ப நீயே பாடு. பாட்ட உனக்குக் குடுத்துட்டேன்," என்றார். ஒருவர் தன் பாட்டை இப்படிக் கொடுப்பது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை.

எழுந்து நின்றேன். முதல் சொல்லே வரவில்லை. இத்தனை வருஷம் பல்லவியைப் பாடி, மிச்ச நேரம் அவரைத் திட்டியதில் சரணம் எங்கோ போய்விட்டது. அவமானம் பிடுங்கித் தின்றது.

யாக்கன் என்னைப் பார்க்காமல் முதல் அடியை மெல்லச் சொன்னார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

"அந்த அடியக் கேட்டுட்டு உங்கம்மா இங்கருந்து எழுந்து ஓடினாங்க. உனக்கும் அதே முகம். நீ எதிர்ல உக்காந்திருந்தா எனக்கு வாய் வரல."

"அத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" மண்டபமே அதிரக் கத்தினேன்.

அவர் அடி எடுத்துக் கொடுக்க, நான் பாடினேன். தம்பியின் பெயர் வந்த இடத்தில் எனக்கும் வாய் வரவில்லை. அதை அவர்தான் பாடினார். பாட்டு என்னுடையதான பிறகும் அந்தப் பெயரை அவரே பாடிய ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.