ஆமையோட்டின் உள்பக்கம்

யென்னுக்கு வயிறு எரிந்தது. ஷாங் அரசனின் குறி மண்டபத்தில் அவன் ஆமையோடு இழைக்கத் தொடங்கியபோது, மைத்துனன் ஷுவோ மூக்கொழுகத் திரிந்த பயல். இன்றைக்கு அந்தப் பயல்தான் அரசனுக்கு எதிரே அமர்ந்து, சூட்டுக்கோல் பட்டு ஓட்டில் ஓடும் வெடிப்பைப் பார்த்து முன்னோர் வாக்கைச் சொல்கிறான். யென்னுக்கோ ஓட்டின் உள்பக்கம் குழி செதுக்கும் வேலை. போதாததற்கு, "என் தம்பி சொன்னா சொன்னதுதான்" என்று தினைக்கஞ்சி ஊற்றும்போதெல்லாம் மனைவி பெருமை பேசுவாள். கஞ்சி எப்படி இறங்கும்?

குழியில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்தப் பக்கம் ஆழம் கூடுகிறதோ, சூட்டில் வெடிப்பு அந்தப் பக்கம் சாயும். மேலே சாய்ந்தால் நல்லது, கீழே சாய்ந்தால் கெட்டது. அதனால் இரு பக்கமும் ஒரே ஆழம் செதுக்க வேண்டும். மீறினால் முன்னோரின் வாயில் நாம் பேசியதாகும். யென் அதுவரை மீறியதில்லை.

அந்த ஆண்டு கிழக்கே கலகம். படை முழுவதையும் அங்கே அனுப்பினால் மேற்கே சௌ நாட்டார் சும்மா இருப்பார்களா என்று முன்னோரைக் கேட்கச் சொன்னான் அரசன். சௌ நாட்டார் ஆற்றங்கரையில் ஓடம் கட்டுவதாக உப்புச் சுமைக்காரர்கள் யென்னிடம் சொல்லியிருந்தார்கள். அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. குழிகளின் மேல்பக்கத்தை மட்டும் கூடுதலாகச் சுரண்டினான். எல்லையில் ஓர் அடி விழும், பொய்க் குறி சொன்ன ஷுவோவின் இடம் பறிபோகும், அது தனக்கு வரும் என்பதே அவன் கணக்கு.

வெடிப்பு மேலே சாய்ந்தது. மேற்கே பயமில்லை என்றான் ஷுவோ. படை கிழக்கே போனது.

சௌ படை எல்லையோடு நிற்கவில்லை. தலைநகரைக் காக்கப் படை இல்லாமல் ஷாங் அதிகாரிகள் அடிமைகளை நிறுத்தினார்கள். அந்த அடிமைகளோ ஈட்டியை ஷாங் பக்கமே திருப்பிப் பிடித்தார்கள். அரசன் தன் மாளிகைக்குத் தீவைத்து அதிலேயே மாண்டான். தனக்கு முன் ஆண்ட ஷியா குடியை விழுங்கி எழுந்த ஷாங் குடி அன்றோடு முடிந்தது. யென் பயந்து குறி மண்டபத்துச் சுவரோரம் ஒண்டியிருந்தான். அப்போதும் அவன் கண் ஷுவோ மேல்தான். சௌ வீரர்கள் அவனை இழுத்துக்கொண்டு போவார்கள் என்று காத்திருந்தான்.

சௌ தளபதி ஷுவோவை அழைத்துத் தன் கையாலேயே கள் கிண்ணத்தை நீட்டினான். "வழியைத் தெறந்துவிட்டதே நீதான்யா. உங்க முன்னோரே எங்க பக்கம் பேசிட்டாங்க. இனி எங்க அரசருக்கும் நீதான் குறி சொல்லணும்."

யென்னால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான்.

"அது முன்னோர் வாக்கு இல்ல. நான் செதுக்குன குழி. வழி தெறந்தது நான்."

மண்டபமே சிரித்தது. ஷுவோ மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அத்தானுக்கு என்னைக் கண்டா எப்பவுமே ஆகாது. ஆனா கை சுத்தமான மனுசன். இவர மாதிரி நேர்மையா ஓடு இழைக்க ஆளே இல்ல. இவரையும் கூட்டிட்டு வந்துடுறேன்."